பளுவின் கீழ் பாதம்: உடற்பயிற்சிக் காலணியின் ஒரு சுருக்க வரலாறு

‘ஜிம்’ என்று இன்று தமிழிலும் இயல்பாக வழங்கும் சொல்லின் வேர் கிரேக்கத்தின் ‘கும்னோஸ்’. அதன் பொருள் ‘ஆடையற்ற’ என்பது. ஆடை களைந்து உடலைப் பயிற்றும் இடமே ‘கும்னாசியோன்’ எனப்பட்டது. அங்கே காலணிக்கு வேலை இருக்கவில்லை. இந்தியாவின் மற்போர்க் களங்களிலும் நிலைமை வேறன்று. ஆயினும், அதே பெயரைத் தாங்கிய இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் காலணியின்றி நுழைய முடிவது அரிது. வெறுங்காலில் வளர்ந்த ஒரு பயிற்சிக்கு எவ்வகைக் காலணி பொருந்தும் என்னும் கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் விட்டுவிடும் வழக்கமே பரவலாக உள்ளது. இந்தியச் சந்தையில் ‘ஸ்போர்ட்ஸ் ஷூ’ என்ற ஒற்றைப் பெயர் ஓட்டத்திற்கும் பளுதூக்கலுக்கும் நடைக்கும் பொதுவாகப் பயன்படுகிறது. அப்பெயரின் கீழ் அடுக்கப்பட்டிருப்பவை வெவ்வேறு நோக்கங்களுக்காக, வெவ்வேறு காலங்களில் உருவானவை. மாதக் கணக்கில் சேர்த்த பணத்தில் ஒரேயொரு இணை வாங்கும் விடுதி மாணவருக்கு அந்த வேறுபாடு சிறிய செய்தியன்று. அவர் தோளில் பளுவை ஏற்றி அமர்ந்தெழும்போது, உடலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அந்தக் காலணியின் அடுக்கு மட்டுமே.

அகாடா மண்ணும் ரப்பர் அடியும்

வட இந்திய அகாடாக்களின் மண் வெறும் தரையாகக் கருதப்படுவதில்லை. பனாரஸ் மல்லர்களின் வாழ்வை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜோசப் ஆல்டர், 1992-இல் வெளியான ‘தி ரெஸ்லர்ஸ் பாடி’ என்னும் நூலில், அம்மண்ணுக்கு அளிக்கப்படும் புனிதத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். காலணியைக் களைந்துவிட்டு உள்ளே செல்வது முதலில் ஒரு வழிபாட்டு ஒழுக்கம். அதன் உடலியல் விளைவு தற்செயலானது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டைச் சுழற்சி ஆகிய அனைத்தும் விரல்கள் விரிந்து தரையைப் பற்றும் பாதத்தின் மீதே வளர்ந்தன.

காலணி உடற்பயிற்சிக்குள் நுழைந்த கதை ரப்பரோடு தொடங்குகிறது. 1830களில் இங்கிலாந்தின் லிவர்பூலில், துணி மேற்புறமும் ரப்பர் அடியும் கொண்ட கடற்கரைக் காலணிகள் தயாராயின. சாதாரண ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வல்கனைசிங் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே ரப்பர் அடி நீடித்து உழைக்கத் தொடங்கியது.

இக்காலணிகள் பெற்ற பெயர்கள் கவனத்திற்குரியவை. ஓசையின்றிப் பதுங்கி நடக்க உதவியதால் அமெரிக்காவில் ‘ஸ்னீக்கர்’ என்ற பெயர் நிலைத்தது. பிரிட்டனில் வழங்கும் ‘பிளிம்சால்’ என்னும் பெயர் கப்பலிலிருந்து வந்தது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றப்பட்ட கப்பல்கள் மூழ்குவதைத் தடுக்கப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சாலின் பெயரால், கப்பலின் பக்கவாட்டில் வரையப்படும் பளுவெல்லைக் கோடு ‘பிளிம்சால் கோடு’ எனப்பட்டது. காலணியின் துணியும் அடியும் சேருமிடத்தைச் சுற்றியோடும் ரப்பர்ப் பட்டை அக்கோட்டை நினைவூட்டியது. பளுவின் எல்லையைக் குறித்த சொல்லொன்று உடற்பயிற்சிக் காலணிக்குப் பெயராகியது.

1917-இல் கான்வர்ஸ் நிறுவனம் கூடைப்பந்துக்காக ‘ஆல் ஸ்டார்’ காலணியை வெளியிட்டது. இந்தியாவில் 1931-இல் கால் பதித்த பாட்டா நிறுவனம், 1934-இல் கொல்கத்தா அருகே பாட்டாநகரை நிறுவத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் உடற்கல்வி வகுப்புக்கான கேன்வாஸ் காலணி 1936-இல் அங்கிருந்து வந்தது. வெள்ளைப் பூச்சு பூசி வெயிலில் உலர்த்திய அக்காலணி, பல தலைமுறை இந்தியப் பள்ளிகளின் நினைவில் தங்கிவிட்ட பொருள். இவையனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. அடிப்புறம் தட்டையானது, மெலிந்தது, எளிதில் அமுங்காதது. அது தத்துவத்தால் நேர்ந்ததன்று. அக்காலத் தொழில்நுட்பத்தின் எல்லை அதுவே. எனினும் பளுவைத் தூக்கிய தலைமுறைகளுக்கு அந்த எல்லை தீங்கு செய்யவில்லை. இன்றும் வலுதூக்குதல் பயில்வோர் பலர் அந்தத் தட்டையான கேன்வாஸ் காலணிகளைத் தேடி அணிகின்றனர்.

குதிகால் உயர்ந்த வரலாறு

பளுதூக்குதல் போட்டிகள் இதற்கு இணையாக வேறொரு பாதையில் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரர்கள் பெரும்பாலும் ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் பிளந்து வைத்தே தண்டின் அடியில் புகுந்தனர். கணுக்காலைச் சுற்றி இறுக்கும் தோல் பூட்சுகள் அதற்குப் போதுமானவையாக இருந்தன. நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரு கால்களையும் இணையாக ஊன்றி ஆழமாகக் குந்தித் தண்டை ஏற்கும் முறை மெல்ல மேலோங்கியது. அம்முறையில் முழங்கால்கள் பாதவிரல்களைத் தாண்டி முன்செல்ல வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கணுக்கால் போதிய அளவு மடங்காதவர்க்கு அது கடினம். குதிகாலைச் சற்று உயர்த்தினால் அக்கடினம் குறையும்.

இவ்வாறு உயர்ந்த, கெட்டியான குதிகாலைக் கொண்ட காலணி உருவாயிற்று. தோலடுக்குகள், மரம், பின்னர் கடின நெகிழி என மூலப்பொருள் மாறினாலும் விதி மாறவில்லை: குதிகால் உயரலாம், ஆனால் அமுங்கக் கூடாது. இன்றைய பளுதூக்கும் காலணிகள் பலவற்றில் இந்த உயரம் சுமார் 20 மில்லிமீட்டர். நின்றபடி தோளிலிருந்து தலைக்குமேல் அழுத்தித் தூக்கும் ‘பிரஸ்’ முறை 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பின் நீக்கப்பட்டது. ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய இரண்டு மட்டும் எஞ்சின. இரண்டும் ஆழ்ந்து குந்தும் திறனைக் கோருபவை ஆதலால், உயர்குதி காலணியின் இடம் மேலும் உறுதியாயிற்று.

அதே 1972-இல் பன்னாட்டு வலுதூக்குதல் கூட்டமைப்பு தோன்றியது. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிப்ட் ஆகிய மூன்றும் அதன் போட்டிகள். இவற்றுள் டெட்லிப்ட், உயர்குதிக்கு நேர்எதிரான தேவையை உடையது. தரையில் கிடக்கும் தண்டை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்கும் செயலில், காலணி உடலை உயர்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தண்டு கடக்க வேண்டிய தொலைவைக் கூட்டுகிறது. எனவே அங்கு மெல்லிய, தட்டையான அடியே விரும்பப்படுகிறது. உயரத்தில் இவ்விரு மரபுகளும் முரண்பட்டாலும் அமுங்காமையில் ஒன்றுபடுகின்றன. பளுவுக்கான காலணியின் முதல் இலக்கணம் இதுவே.

மென்மையின் வருகை

1970களில் அமெரிக்காவில் ஓட்டம் மக்கள் பழக்கமாகியது. நடைபாதையிலும் தார்ச்சாலையிலும் நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடுவோரின் தேவைக்கேற்ப, காலுக்கும் வெளி ரப்பருக்கும் இடையே தடித்த மென்மையான அடுக்கு ஒன்று புகுந்தது. எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக ஈ.வி.ஏ., என்னும் நுரைப்பொருள் அப்பத்தாண்டின் நடுவில் ஓட்டக் காலணிகளில் இடம்பெற்றது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், விண்வெளித் துறையில் பணியாற்றிய பொறியாளர் ஃபிராங்க் ரூடியின் யோசனையில், அழுத்தப்பட்ட வாயு அடைத்த பைகள் நைக்கியின் ‘டெயில்விண்ட்’ காலணிக்குள் வைக்கப்பட்டன. 1987-இல் ‘ஏர் மேக்ஸ்’ அந்தப் பையை வெளியே தெரியும்படி ஒரு சாளரத்தைத் திறந்தது. அதுவரை மறைந்திருந்த மென்மை, கண்ணால் கண்டு விலை கொடுக்கத்தக்க பண்பாகியது.

ஓட்டத்திற்கு இவை பொருந்தின. பளுவுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். 70 கிலோ எடையுள்ளவர் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் ஒற்றைக் காலில் விழும் விசை அவர் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை எழலாம். அதே நபர் 100 கிலோவைத் தோளில் வைத்துக் குந்தினால், மொத்தம் 170 கிலோ. ஒரு பாதத்திற்கு 85 கிலோ. ஓட்டத்தின் உச்ச விசையைவிட இது குறைவே. ஆகவே ‘பளுவின் எடையைத் தாங்காமல் மென்மையான அடி நசுங்கிவிடும்’ என்னும் பொதுவான விளக்கம் முழுமையானதன்று.

வேறுபாடு விசையின் அளவில் இல்லை; அது நீடிக்கும் காலத்திலும் உடலிடம் கோரப்படும் செயலிலும் உள்ளது. ஓடுபவரின் பாதம் ஒரு நொடியின் சிறு பகுதிக்கே தரையில் தங்குகிறது; அடுத்த அடி புதிய தொடக்கம். பளுவேற்றியவரோ பல நொடிகள் ஒரே இடத்தில் ஊன்றி, உடலும் தண்டும் சேர்ந்த எடையைப் பாதத்தின் நடுப்பகுதிக்கு மேலேயே நிறுத்த வேண்டும். நுரை அடுக்கு சமமாக அமுங்குவதில்லை. எப்பக்கம் எடை சற்றே சாய்கிறதோ அப்பக்கம் கூடுதலாக அமுங்கி, அச்சாய்வை வளர்க்கிறது. கணுக்கால் உள்நோக்கி மடிய, முழங்கால் அதைத் தொடர்கிறது. ஓட்டக்காரருக்கு அதிர்ச்சியை வாங்கிக்கொண்ட அதே பண்பு, தூக்குபவருக்கு நிலையின்மையைத் தருகிறது.

காலணியின் மென்மைக்கும் உடலின் சமநிலைக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கும் உட்பட்டது. மொன்ட்ரியலில் ஸ்டீவன் ராபின்ஸும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு முதியவர்களைக் குறுகிய உத்தரத்தின் மீது நடக்கச் செய்தது. தடித்த மென்மையான அடிகளைவிட மெல்லிய கடினமான அடிகளே அவர்களின் சமநிலைக்கு உதவின. அந்த ஆய்வு பளுதூக்குவோரைப் பற்றியதன்று; அதை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பது முறையாகாது. ஆனால் மென்மை என்பது எல்லாச் சூழலிலும் நன்மையே என்ற எண்ணத்தை அது கேள்விக்குள்ளாக்கியது.

பல்பயிற்சிக் காலணியின் பிறப்பும் திரும்பலும்

ஓட்டக் காலணி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்த அதே பத்தாண்டில் அதற்கான மாற்றுகளும் தோன்றின. 1982-இல் ரீபாக் வெளியிட்ட ‘ஃப்ரீஸ்டைல்’, ஏரோபிக்ஸ் பயிலும் பெண்களை முன்னிறுத்தியது. கூடத்தின் தரைக்கு ஓட்டக் காலணி ஏற்றதன்று என்பதைச் சந்தை முதன்முதலில் பெரிய அளவில் ஒப்புக்கொண்ட தருணம் அது.

அடுத்த திருப்பம் 1987-இல் வந்தது. கட்டிடக்கலை பயின்று நைக்கியில் சேர்ந்த டிங்கர் ஹாட்ஃபீல்டு, போர்ட்லண்டின் கூடம் ஒன்றில் மக்கள் ஓட்டத்திற்கும் பளுவுக்கும் பந்து விளையாட்டுகளுக்கும் மாறிமாறிச் செல்வதைக் கவனித்தார். அனைத்துக்கும் ஒரே காலணி என்னும் எண்ணத்திலிருந்து ‘ஏர் டிரெய்னர் 1’ உருவாயிற்று. ஓட்டக் காலணியைவிடத் தாழ்ந்த குதி, பக்கவாட்டு அசைவைத் தாங்கும் அகன்ற அடி, முன்பாதத்தை இறுக்கும் பட்டை ஆகியன அதன் கூறுகள். டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ அதன் முன்மாதிரியை அணிந்து ஆடினார். பேஸ்பாலிலும் அமெரிக்கக் கால்பந்திலும் ஒருசேரப் புகழ்பெற்ற போ ஜாக்சனைக் கொண்டு 1989-இல் தொடங்கிய விளம்பர வரிசை ‘கிராஸ் டிரெய்னிங்’ என்ற சொற்றொடரை உலகெங்கும் கொண்டு சென்றது.

இந்தப் பெயரே பின்னர் சிக்கலாகியது. வகையின் பெயர் நிலைத்தபின், அதன் கீழ் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்ற நிலை வந்தது. மென்மையே விற்கும் பண்பாக இருந்தமையால் பல ‘டிரெய்னர்’ காலணிகள் மெல்ல மெல்ல ஓட்டக் காலணியின் உடலைப் பெற்றன. மொழியில் ஒரு சொல்லின் பொருள் விரிந்து கூர்மை இழப்பதைப் போன்ற நிகழ்வு இது.

திருத்தம் 2000-இல் கிரெக் கிளாஸ்மன் நிறுவிய கிராஸ்ஃபிட் நிறுவனத்தின் வழியாக வந்தது. ஒரே பயிற்சியில் பளுதூக்கி, கயிறேறி, பெட்டிமீது தாவி, சிறு தொலைவு ஓடவும் வேண்டும் என்ற அதன் முறை, காலணியின் பொய்களை விரைவில் வெளிப்படுத்தியது. அந்நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த ரீபாக் 2011-இல் ‘நானோ’வையும், 2015-இல் நைக்கி ‘மெட்கான்’ காலணியையும் வெளியிட்டன. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே சுமார் 4 மில்லிமீட்டர் மட்டுமே உயர வேறுபாடு, அடர்ந்த இடையடுக்கு, அகன்ற குதி, வளையும் முன்பாதம்: பழைய கேன்வாஸ் காலணியின் தட்டைத்தன்மையும் பளுதூக்கும் காலணியின் கெட்டித்தன்மையும் இங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

இந்தியப் பாதத்தின் அளவு

1991-இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின், அப்பத்தாண்டின் நடுவில் பன்னாட்டுக் காலணி நிறுவனங்கள் இந்தியாவில் வரிசையாகக் கடை விரித்தன. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 202 கிலோவுடன் வெள்ளி வென்றார். இவ்வீரர்கள் மேடையில் ஊன்றியது கெட்டியான உயர்குதி காலணிகளை. அவர்களைப் பார்த்துப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்கோ அருகிலுள்ள கடையில் எளிதாகக் கிடைத்தது ஓட்டக் காலணி.

வகையைவிட ஆழமான இடைவெளி அளவில் உள்ளது. இந்தியாவில் இன்றும் பரவலாக வழங்கும் பிரிட்டிஷ் அளவுமுறையின் அலகு ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.47 மில்லிமீட்டர். அது ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாகக் கொள்ளப்பட்டது. நெல்லையும் எள்ளையும் கொண்டு நீளம் அளந்த மரபு தமிழிலும் உண்டு என்பதால் இது வியப்பளிப்பதன்று. வியப்பு, அந்த எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது என்பதில்தான் உள்ளது. அகலத்தைக் கடைகள் பெரும்பாலும் கேட்பதேயில்லை.

சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 5 மண்டலங்களில் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அதன் முக்கியக் கண்டறிதல். வட்டாரத்துக்கு ஒரு முறை தேவைப்படாது, நாடு முழுமைக்கும் ஒரே அளவுமுறை போதும் என்ற முடிவுடன் ‘பா’ என்னும் பெயரிலான புதிய முறை முன்மொழியப்பட்டது. பாரதம் என்னும் சொல்லின் முதலெழுத்து அது.

பளுதூக்குவோருக்கு இக்கண்டறிதலின் பொருள் நேரடியானது. அகன்ற பாதமுடையவர், நெருக்கும் காலணியைத் தவிர்க்க, தமது நீளத்துக்கு மேற்பட்ட எண்ணை வாங்குகிறார். அகலம் ஒருவாறு சரியாகிறது, நீளம் மிஞ்சுகிறது. குதிகால் உள்ளே நழுவுகிறது. காலணி வளையுமிடமும் பாதம் வளையுமிடமும் ஒன்றுபடுவதில்லை. நழுவலைத் தடுக்கக் கயிற்றை இறுக்கினால் புறங்கால் நோகிறது. நடக்கும்போது இது வெறும் அசௌகரியம். 100 கிலோவைத் தோளில் ஏந்தி எழும்போது, உள்ளே நழுவும் பாதம் நழுவும் தரைக்கு ஒப்பானது. எவ்வளவு சிறந்த அடிப்புறமும் பிறர் பாதத்துக்குச் செதுக்கிய அச்சுக்கட்டையின் குறையை ஈடுசெய்ய முடியாது.

தேர்வுக்கு வரலாறு தருவது

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது அமுங்காமை. குதிகால் பகுதியின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஆழமாகக் குழிவது பளுவுக்கு ஏற்றதன்று. இரண்டாவது அடியின் அகலம். காலணியின் அடிப்புறம் மேற்புறத்தைவிடக் குறுகிச் செல்லாமல், குதிகாலின் கீழ் விரிந்து நிற்க வேண்டும். மூன்றாவது முறுக்குத் தாங்குதல். இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கும்போது நடுப்பகுதி எதிர்க்க வேண்டும். முன்பாதம் மட்டும் வளைய வேண்டும். நான்காவது பிடிப்பு. குந்தி எழும்போது குதிகால் காலணியை விட்டு எழாமலும், விரல்கள் நெருக்கமின்றி விரிந்தும் இருக்க வேண்டும். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது ஆதலால், மாலையில், பெரிய பாதத்தை அளவாகக் கொண்டு வாங்குவது நன்று.

பயிற்சியின் தன்மை அடுத்த கேள்வி. ஸ்நாட்ச் முதலியவற்றை முறையாகப் பயில்வோருக்கும் கணுக்கால் எளிதில் மடங்காதவர்க்கும் உயர்குதி காலணி பயனுள்ளது. டெட்லிப்டே முதன்மையெனில் தட்டையான மெல்லிய அடி போதும். விலை குறைந்த கேன்வாஸ் காலணியே இப்பணியைச் செவ்வனே செய்யும். பளுவும் தாவலும் சிறு ஓட்டமும் கலந்த பயிற்சிக்குத் தாழ்குதி பல்பயிற்சிக் காலணி ஏற்றது. ஆனால் அதையே அணிந்து பத்து கிலோமீட்டர் ஓடுவது, ஓட்டக் காலணியில் பளுதூக்குவதன் மறுபக்கப் பிழை. அனைத்துக்கும் ஒன்று என்னும் 1987-இன் எண்ணம் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் மட்டுமே முழுமையாகச் செல்லும்.

விலைக்கும் நிலைத்தன்மைக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதும் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவதே. ஓட்டக் காலணியில் விலையை உயர்த்துவன பெரும்பாலும் மென்மையும் துள்ளலும். பளுவின் கீழ் அவை இரண்டும் தேவையற்றவை. ஒரே இணை வாங்க வசதியுள்ள மாணவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது காலணியின் பெயரையன்று. அதை அணிந்து அங்கேயே பத்து முறை குந்தி எழ இடம் உண்டா என்பதையே. குதிகால் நழுவாமல், கணுக்கால் உள்நோக்கிச் சாயாமல், தரை கால்களுக்குத் தெளிவாகத் தெரியுமானால், அந்த இணை தன் வேலையைச் செய்யும்.